கடன்பட்டவர் கையில் இருக்கும் பணம் யாருடையது?



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும். முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! உம்ரா குரூப்புகள் கிளம்பும் காலம் வந்தால் இமாமிடம் வழக்கமாக ஒரு கேள்வி வரும். "ஹஜ்ரத், மச்சானுக்கு ஒன்றரை லட்சம் தர வேண்டியிருக்கிறது. அவர் கேட்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இப்போது கையில் ஒரு லட்சம் சேர்ந்திருக்கிறது. உம்ரா போய் வந்துவிடலாமா?" கேட்பவர் நல்லவர்தான். ஐந்து வேளையும் தொழுகிறவர். கஅபாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில் கேட்கிறார். அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அவர் கையில் இருக்கும் அந்த ஒரு லட்சம் யாருடையது? அவருடையதா, மச்சானுடையதா?

இன்றைய ஜும்ஆவில் இதைத்தான் பேசப் போகிறோம். உம்ராவோடு நிற்கிற கேள்வி அல்ல இது. பெருநாள் துணி, வலீமா விருந்து, வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ், பிள்ளைக்குப் புது போன், பள்ளிவாசல் உண்டியலில் போடும் நூறு ரூபாய் என்று எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

கடன் வாங்குவது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேவைக்குக் கடன் வாங்குவது மார்க்கத்தில் குற்றம் இல்லை. நபி (ஸல்) அவர்களே கடன் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவச ஆடை ஒரு யூதரிடம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அடமானத்தில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வீட்டார் சாப்பிடுவதற்கான தானியம் அது. அரபு தேசமே கட்டுப்பட்டு நின்ற நேரத்தில், வீட்டு அடுப்புக்காக ஓர் அடமானம்! எனவே கடன் வாங்கியவரைக் கேவலமாகப் பார்க்க நம்மில் யாருக்கும் உரிமை கிடையாது.

குர்ஆனில் மிக நீளமான ஆயத் எது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? இல்லை. ஸூரத்துல் பகராவின் 282வது ஆயத், கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் பேசினால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், சிறிய தொகையோ பெரிய தொகையோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்பது அதன் கருத்து. நாம் என்ன செய்கிறோம்? சொந்தக்காரர்களுக்குள் எழுத்து எதற்கு, மனக்கசப்பு வந்துவிடுமே என்கிறோம். எழுதாததால்தான் மனக்கசப்பு வருகிறது. ஐந்து வருடம் கழித்து ஒருவர் எண்பதாயிரம் என்கிறார், மற்றவர் அறுபதாயிரம்தான் என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு ஞாபகம் ஒரு விதம், இன்னொருவருக்கு இன்னொரு விதம். கல்யாண வீட்டில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று தீனாரும் ஒரு ஜனாஸாவும்

கடன் வாங்குவது குற்றமில்லை என்றால், அதைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்தல் வந்திருக்கிறது?

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவர் மீது கடன் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். தொழவைத்தார்கள். இரண்டாவது ஜனாஸா வந்தது. கடன் இருந்தது, ஆனால் மூன்று தீனார் விட்டுச் சென்றிருந்தார். அவருக்கும் தொழவைத்தார்கள். மூன்றாவது ஜனாஸா வந்தது. அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை, மூன்று தீனார் கடன் மட்டும் இருந்தது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பு என்று முன்வந்தார்கள். அதன் பிறகே தொழவைத்தார்கள்.

இதே போன்ற ஒரு நிகழ்வை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் கடன் இரண்டு தீனார். பொறுப்பேற்ற அபூ கதாதாவிடம் நபி (ஸல்) அவர்கள் பிறகும் அந்த இரண்டு தீனார் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான், இப்போதுதான் அவருடைய மேனி குளிர்ந்தது என்ற கருத்தில் சொன்னார்கள். கவனியுங்கள். நான் பொறுப்பு என்ற வாய்ச்சொல்லால் மேனி குளிரவில்லை. பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் குளிர்ந்தது.

பிற்காலத்தில் வெற்றிகள் மூலம் செல்வம் வந்தபோது, கடனோடு இறந்து, அடைக்க வழியில்லாதவர்களின் கடனை நபி (ஸல்) அவர்களே பொறுப்பேற்றார்கள். தொழவைக்க மறுத்தது இறந்தவர் மீதுள்ள கோபத்தால் அல்ல. உயிரோடு இருப்பவர்களுக்குக் கடனின் கனத்தைக் காட்டுவதற்காக.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையிலிருந்து அதிகம் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இதிலிருந்து இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. மனிதன் கடன்பட்டுவிட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று காரணம் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தி. பசி வரும், வறுமை வரும் என்று சொல்லவில்லை. குணம் கெட்டுவிடும் என்றார்கள். நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். வாசலில் குரல் கேட்கிறது. அத்தா உள்ளே இருந்துகொண்டு, "அத்தா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறார். அந்தப் பிள்ளை அன்று ஒரு பாடம் படித்துவிட்டது. பிறகு எத்தனை வருடம் மதரஸாவில் உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தாலும், முதலில் படித்த பாடம் அதுதான்.

பணம் யாருடையது?

இனி நம் கேள்விக்கு வருவோம். சட்டப்படி பார்த்தால், காழி தடை விதிக்காத வரை கடன்பட்டவரின் பணம் அவருடைய உடைமைதான். அவர் ஒரு பொருள் வாங்கினால் அந்த வியாபாரம் செல்லும். ஆனால் வியாபாரம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, அல்லாஹ்விடம் பதில் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. நம் இமாம்கள் இரண்டையும் பிரித்தே பேசியிருக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தர்மத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு சட்டம் சொல்கிறார்கள். தன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்குத் தேவைப்படும் பணத்தையோ, வேறு வழியில் அடைக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாத கடனுக்குத் தேவைப்படும் பணத்தையோ தர்மம் செய்வது ஹராம் என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார்கள். சற்று யோசியுங்கள். அவர்கள் பேசுவது சூதாட்டத்தைப் பற்றியல்ல, ஸதகாவைப் பற்றி! தர்மம் செய்வதற்கே இந்த நிலை என்றால், ஆடம்பரத்துக்கு என்ன நிலை? இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தம் ஸஹீஹின் ஜகாத் பகுதியில் ஒரு தலைப்பிலேயே இதைத் தொட்டுச் செல்கிறார்கள். கடன் உள்ளவருக்குத் தர்மத்தைவிடக் கடனை அடைப்பதே முதல் உரிமை என்பது அதன் சாரம்.

ஆகவே அந்தச் சகோதரருக்குப் பதில் இதுதான். கடனுக்கு ஈடாக வேறு சொத்து இருந்து, தவணையும் வராமல் இருந்தால் போகலாம். தவணை வந்துவிட்டது, வேறு வழியும் இல்லை என்றால் மச்சானிடம் போய்க் கேளுங்கள். அவர் மனமார அனுமதி கொடுத்தால் போங்கள். அவர் கேட்கவில்லை என்பதை அனுமதி என்று நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வெட்கப்படுகிறவரின் மௌனமாகவும் அது இருக்கலாம்.

இங்கே நம் சமூகத்தில் இருக்கும் ஓர் அநியாயத்தைச் சொல்ல வேண்டும். வாரக் குழுக்கடன் வசூலிக்க வருகிறவர் செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நிற்பார். தெருப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் எப்பாடுபட்டாவது அவருக்குக் கட்டிவிடுகிறோம். நகைக்கடன் ஏலத்துக்குப் போய்விடும் என்று அதற்கு வட்டி கட்டிவிடுகிறோம். ஆனால் வட்டியில்லாமல், பத்திரம் இல்லாமல், அல்லாஹ்வுக்காகக் கொடுத்த சகோதரர் வரிசையில் கடைசியில் நிற்கிறார். மிரட்டுகிறவருக்கு முதல் இடம், இரக்கப்பட்டவருக்குக் கடைசி இடம்! இப்படியே போனால் நாளை ஊரில் யார் அழகிய கடன் கொடுப்பார்? ஒருவர் கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், அடுத்த ஏழைக்குத் திறக்க வேண்டிய கதவையும் சேர்த்தே மூடுகிறார்.

வட்டிக்கடனை முதலில் முடித்தாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பாவமும் வளர்கிறது, தொகையும் வளர்கிறது. ஆனால் அதை முடிக்கும் வரை மற்றவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும். மாதம் ஐந்நூறு ரூபாயாவது அவர் கையில் கொடுக்க வேண்டும். ஐந்நூறில் கடன் தீராது. ஆனால் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

நிய்யத் கணக்கில் தெரியும்

திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் மக்களின் பொருளை வாங்கினால், அவர் சார்பில் அல்லாஹ் அடைப்பான். அழித்துவிடும் எண்ணத்தில் வாங்கினால் அல்லாஹ் அவரை அழிப்பான். அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து இது. எல்லாரும் கொடுக்கும் எண்ணத்தில்தான் இருக்கிறேன் என்கிறோம். அந்த எண்ணம் உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் மாதக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 22,000 ரூபாய் வருமானம். வாடகை 6,000, அரிசி, மளிகை, பால், காய் எல்லாம் 8,000, கரண்டும் கேஸும் 1,500, பிள்ளைகள் படிப்பு 2,500. மொத்தம் 18,000. மீதி 4,000. கடன் 1,20,000 என்றால் முப்பது மாதத்தில் முடிந்துவிடும். இதற்கிடையில் 1,500 ரூபாய் மாதத் தவணையில் ஒரு போன் வாங்குகிறார். அதோடு வாரக் கடைசி வெளிச்சாப்பாடு 500. ஒரு தவணை முடிந்தால் அடுத்த தவணை. இப்போது மீதி 2,000. அதே கடன் அறுபது மாதம் ஆகும். அந்த அதிக முப்பது மாதம் யாருடையது? கடன் கொடுத்தவருடையது. அவருடைய மகள் கல்யாணம் தள்ளிப்போகலாம், அவருடைய வீட்டுக் கூரை ஒழுகலாம். போனுக்குத் தவணை கட்டியது நம் பணம்தான். காத்திருந்தது அவர்.

இதனால் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கடனை அடைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி மக்களின் நஃபகா கடமை. உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் மனிதத் தேவைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ளரூரிய்யாத், இல்லாமல் வாழவே முடியாதவை. ஹாஜிய்யாத், இல்லாவிட்டால் சிரமம் தருபவை. தஹ்ஸீனிய்யாத், அழகும் நிறைவும் தருபவை. கடன் இல்லாதவர் மூன்றையும் அனுபவிக்கலாம், அல்லாஹ் கொடுத்த நிஃமத். கடன் உள்ளவர் மூன்றாவதில் கை வைக்கும் முன் கொடுத்தவரின் முகத்தை நினைக்க வேண்டும். சோறும் மருந்தும் படிப்பும் பிள்ளைகளின் ஹக்கு. சீலிங் வரைக்கும் மாடல் கிச்சன் யாருடைய ஹக்கும் அல்ல.

பெருநாளன்று பிள்ளைக்கு ஒரு புதுத்துணி எடுத்துக் கொடுங்கள், அதில் தவறில்லை. அவன் மனம் குளிரட்டும். ஆனால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக, கடன் வாங்கி ஆயிரம் பேருக்கு பிரியாணி போட வேண்டியதில்லை. வரதட்சணை என்ற பெயரில் பெண் வீட்டாரைக் கடன்காரராக்கிவிட்டு, வலீமாவில் பரக்கத்துக்கு துஆ கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

வீட்டுக்குள் இருக்கும் கடன்

வெளியே இருக்கும் கடன்களை எண்ணுகிறோம். வீட்டுக்குள் இருக்கும் கடனை எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்? நிகாஹ் தஃப்தரில் எழுதி, பிறகு கொடுப்பதாகச் சொன்ன மஹர் கடன். "அவசரத்துக்குக் கொடும்மா, மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன்" என்று வாங்கி அடகு வைத்த வளையல் கடன். மனைவி மனமுவந்து மஹரில் ஏதேனும் விட்டுக்கொடுத்தால் தாராளமாக அனுபவிக்கலாம் என்று ஸூரத்துன் நிஸாவின் 4வது ஆயத் சொல்கிறது. மனமுவந்து என்பதுதான் நிபந்தனை. கணவர் கேட்டுவிட்டாரே என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொள்வது மனமுவந்து கொடுப்பது ஆகாது. அவள் அன்பளிப்பாகத் தந்தாளா, கடனாகத் தந்தாளா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் என்றால் அதையும் எழுதுங்கள்.

அதேபோல் ஒருவருக்கொருவர் மறைக்கவும் செய்யாதீர்கள். கணவர் மாத வட்டிக்கு வாங்கியது மனைவிக்குத் தெரியாது, மனைவி குழுவில் வாங்கியது கணவருக்குத் தெரியாது. இருவரும் மற்றவர் கவலைப்படக் கூடாது என்றுதான் மறைக்கிறார்கள். கடைசியில் இருவரும் தனித்தனியாகக் கவலைப்படுகிறார்கள். தெரிந்திருந்தால் அவளே செலவைக் குறைத்திருப்பாள். அவரே சீட்டுப் பணத்தை அதற்குத் திருப்பியிருப்பார்.

கொடுத்தவரின் கடமை

ஜமாஅத்தார்களே! கடன்பட்டவரை மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி மார்க்கத்தைச் சொன்னதாகிவிடும். கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டார்கள். சத்தம் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். கஃபை அழைத்துப் பாதியைத் தள்ளுபடி செய்யும்படி சைகை செய்தார்கள். செய்துவிட்டேன் என்றார் கஃப். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும் என்றார்கள். எவ்வளவு நீதம்! ஒருவரை இறங்கிவரச் சொன்னார்கள். அவர் இறங்கிவந்ததும் மற்றவரைத் தாமதிக்க விடவில்லை. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

கடன்பட்டவர் உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது அதைவிட மேல் என்பது ஸூரத்துல் பகராவின் 280வது ஆயத் தரும் பாடம். வட்டியைத் தடுத்த ஆயத்களை அடுத்து அல்லாஹ் அவகாசத்தை வைத்திருக்கிறான். நாம் வட்டிக்கடை பக்கம் போகாதே என்று மட்டும் சொல்கிறோம். போகாமலிருக்க வழி செய்து கொடுத்திருக்கிறோமா? ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் ஒரு பிரிவு. ரமளானில் சேலையும் அரிசியும் கொடுப்பதோடு நிற்காமல், மஹல்லாவில் வட்டிக்கடனில் தவிக்கும் ஒரு குடும்பத்தை முழுமையாக மீட்டெடுக்க பைத்துல்மால் திட்டமிட வேண்டும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். வராத கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஜகாத்தாகக் கணக்கிடுவது செல்லாது என்பது பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்து.

மரணத்துக்கு முன் ஒரு நோட்டு

சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற ஜுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் அமானிதம் வைக்க வருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும் என்பார்கள். அமானிதம் தம் தவறின்றித் தொலைந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை, கடன் என்றால் கொடுத்தே ஆக வேண்டும். மக்கள் பணம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பாரத்தைத் தம் மேல் ஏற்றிக்கொண்டார்கள். ஜமல் போர் நாளில் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, என் பெரிய கவலை என் கடன்தான் என்று சொல்லி, சொத்தை விற்று அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம். மகன் எல்லாவற்றையும் அடைத்தார். வாரிசுகள் பங்கு கேட்டபோது, நான்கு வருடம் ஹஜ் காலத்தில் கடன் உள்ளவர்கள் வாருங்கள் என்று அறிவிக்காமல் பங்கு பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியே நான்கு வருடம் அறிவித்த பிறகுதான் பிரித்தார்.

நம் வீடுகளில் மய்யித்தை அடக்கிவிட்டு வந்து, யாருக்காவது கடன் இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு தடவை அறிவிக்கிறோம். அந்த நேரத்தில், அழுகிற வீட்டில் யார் கை தூக்குவார்? கடன் போகத்தான் வாரிசுரிமை என்பதை ஸூரத்துன் நிஸா 11, 12 ஆயத்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனவே இன்றே ஒரு நோட்டு எடுங்கள். இரவு இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, வட்டி உண்டா, மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று எழுதுங்கள். நமக்கு வர வேண்டியதையும் எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு, நீண்ட நாளாகப் பார்க்காமல் ஒதுங்கிப் போகிற அந்த ஒரு மனிதருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பணம் இல்லாவிட்டால் இல்லை என்று உண்மையைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள். அவர் போனுக்குப் பயந்த நாட்கள் முடியட்டும்.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் கடனின் பாரத்திலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக! கடன்பட்டோருக்கு ஹலாலான வழியில் அடைக்கும் வசதியைத் தருவாயாக! கொடுத்தவர்களின் பொருளிலும் குடும்பத்திலும் பரக்கத் செய்வாயாக! எங்களை வட்டியின் நிழல் கூடப் படாமல் காப்பாயாக! கடனோடு கப்ருக்குப் போன எங்கள் முன்னோரின் கடன்களை அடைக்கும் தௌஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.